பத்து வயதில் டியோடரண்ட்: படிகாரமா, பவுடரா, ரோல்-ஆனா?

பள்ளி திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வாஷிங் மெஷினில் போடுவதற்காக மகளின் யூனிஃபார்ம் சட்டையைத் திருப்பியபோது கம்கட்டுப் பக்கம் ஒரு வாடை. வேனில் நசுங்கி வரும் வெயில் வாடை, டிபன் பாக்ஸிலிருந்து வழிந்த சாம்பார் வாடை எல்லாம் எனக்குப் பழக்கம். இது வேறு. பெரியவர்கள் சட்டையில் வருமே, எங்கள் ஆயா கற்றாழை நாற்றம் என்று சொல்வாரே, அது. அவளுக்குப் பத்து வயது முடிந்து இரண்டு மாதம். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன். அதேதான்.

அன்று இரவே வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அத்தை, "படிகாரம் தடவும்மா, நாங்க எல்லாம் என்ன பண்ணோம்" என்றார். கணவர் பவுடர் போட்டு அனுப்பச் சொன்னார். எட்டாவது படிக்கும் மகன், "என் ஸ்ப்ரேயை எடுத்துக்கச் சொல்லுங்கம்மா" என்று பெருந்தன்மை காட்டினான். போரூரில் இருக்கும் அக்கா போனிலேயே, "ஒரு ரோல்-ஆன் வாங்கிக் குடுடி, இதுக்குப் போய் பஞ்சாயத்தா" என்றாள். நான் மட்டும், இந்த வயதில் எதையாவது பூச ஆரம்பிக்கலாமா என்பதையே தாண்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கு விடையாக ஒரு வயதைத் தேடியதுதான் என் தப்பு. எட்டு என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள், வயதுக்கு வந்த பிறகு என்பார்கள். ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வருஷ இடைவெளியில் இந்த வாடை தொடங்கலாம். பார்க்க வேண்டியது பிறந்த தேதியை இல்லை, சட்டையை.

ஏன் என்றால், நம் உடம்பில் வியர்வைச் சுரப்பி இரண்டு வகை. எக்ரைன் என்ற வகை உடம்பு முழுக்க 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கிறது. பிறந்ததிலிருந்து வேலை செய்கிறது. அது விடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும், உடம்பைக் குளிரவைப்பதற்காக. ஐந்து வயதுப் பையன் தெருவில் கிரிக்கெட் ஆடித் தொப்பலாக நனைந்து வந்து மடியில் விழுந்தாலும் நமக்கு முகம் சுளிக்காததற்குக் காரணம் இதுதான். இன்னொரு வகை அபோக்ரைன். கம்கட்டு, தொடை இடுக்கு மாதிரி சில இடங்களில் மட்டும் இருப்பது. அது பருவம் நெருங்கும்வரை சும்மா இருக்கும். ஹார்மோன் தட்டியெழுப்பியதும் கொழுப்பும் புரதமும் கலந்த நீரை விட ஆரம்பிக்கும். அதற்கும் சொந்த வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது உண்டாகிற சில கொழுப்பு அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாறுகின்றன.

இது புரிந்த பிறகு கடை அலமாரியைப் பார்ப்பதே சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஒரே கேள்வி கேட்டால் போதும். இது பாக்டீரியாவைக் குறைக்கிறதா, வியர்வையைக் குறைக்கிறதா, இல்லை வாடைக்கு மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறதா?

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13க்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 வயதிலிருந்து 14க்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. அந்த எல்லைக்கு முன்பே, அதாவது பெண்ணுக்கு எட்டு, பையனுக்கு ஒன்பது ஆவதற்கு முன்பே பெரியவர் வாடை வந்தால், அது டியோடரண்ட் வாங்குகிற விஷயமே இல்லை. குழந்தைகள் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. கூடவே முடி முளைப்பது, முகப்பரு, திடீரென்று உயரம் கூடுவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் முந்திக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், அது பயப்படும்படியானதும் இல்லை. ஆனாலும் அரிதாக வேறு காரணம் இருக்கலாம் என்பதால் பார்த்துவிடுவது நல்லது. தனியாரிடம் போக வசதி இல்லாதவர்களுக்குச் சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

அத்தைக்கு வேறு கவலை. "வாடை வந்துடுச்சுன்னா சீக்கிரமே உட்கார்ந்துடுவாளே?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மனதில் அதற்குள் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையே அச்சாகியிருக்கும். விஷயம் அப்படி இல்லை. வாடையைக் கிளப்புவது பெரும்பாலும் அட்ரீனல் ஹார்மோன். மாதவிடாயைக் கொண்டுவருவது வேறு கணக்கு. மார்பு வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் பொதுவாக முதல் மாதவிடாய் வரும். சட்டையை முகர்ந்து அந்தத் தேதியைச் சொல்ல முடியாது.

சரி, இனி ஒவ்வொன்றாக.

முதல் வழி, எதுவுமே பூசாமல் இருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம், உண்மையில் இதற்குத்தான் வேலை அதிகம். எங்கள் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்றால், ஆறரைக்கு எழுப்பி, ஆறே முக்காலுக்குத் தலையில் இரண்டு சொம்பு விழுந்து, துண்டு பட்டும் படாமலும் துவட்டி, ஈரக் கம்கட்டோடு யூனிஃபார்ம் ஏறி, ஏழே காலுக்கு வேன். அந்த ஈரத்தின் மேல் ஒரு கோட், அதற்கு மேல் பை. குளித்தாள் என்று கணக்கு. கம்கட்டில் சோப்பு பட்டதா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி தோலில் படிந்து நிற்கும். நுரை வரவில்லை என்று அவளும் அத்தோடு விட்டுவிடுவாள்.

அதனால் மூன்று மாற்றம் செய்தோம். குளியலைச் சாயங்காலத்துக்கும் நீட்டினோம். வேனிலிருந்து இறங்கியதும் முறுக்கைத் தொடுவதற்கு முன்னால் குளியல். கம்கட்டில் கையால் சோப்பு தேய்த்துப் பத்து எண்ணிவிட்டுக் கழுவ வேண்டும், கடைசி இரண்டு சொம்பு மெட்ரோ தண்ணீர். மருந்து சோப்பு எதுவும் தேவைப்படவில்லை, சாதாரணக் குளியல் சோப்பே போதும். அப்புறம் முக்கியமானது, துவட்டிவிட்டு ஃபேனுக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பது. இதை அவள் சிலை விளையாட்டு ஆக்கிக்கொண்டாள்.

சென்னையில் இந்த ஒரு நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம். மதுரையில் என் சித்தி வீட்டில் கோடை விடுமுறைக்குப் போனால், வெயில் நம்மை விடக் கொடுமையாக இருக்கும். ஆனால் வியர்வை காய்ந்து சட்டையில் உப்புப் பூத்துவிடும். இங்கே கடற்காற்றில் ஈரம் இருக்கிறது, வியர்வை காய்வதே இல்லை. கத்திரி முடிந்துவிட்டது என்று பெயர்தான், ஜூன் மாதத்து மத்தியானத்தில் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் எல்லார் முதுகும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஈரம் நிற்கிற இடத்தில் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

துணியும் பாதிக் குற்றவாளி. யூனிஃபார்ம் துணி பாலியஸ்டர் கலந்தது. பருத்தி வாடையைக் கழுவும்போது விட்டுவிடும், பாலியஸ்டர் பிடித்துவைத்துக்கொள்ளும். துவைத்த சட்டை காயும்வரை மணமாக இருக்கும்; போட்டுக்கொண்டு கொஞ்சம் வியர்த்ததும் பழைய வாடை எழுந்து வரும். குழந்தை மேல் வாடை இல்லை, சட்டைமேல்தான் வாடை என்று பல வீடுகளில் கண்டுபிடிக்காமலேயே ஸ்ப்ரே வாங்கிவிடுகிறார்கள். சட்டையை உள்பக்கம் திருப்பி, அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்துவிட்டு அப்புறம் மெஷினில் போட்டுப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அந்த வாளியின் பக்கமே போகக் கூடாது. வினிகரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். திருப்பியபடியே மொட்டை மாடி வெயிலில் காயப்போட வேண்டும். ஐப்பசி மழையில் பால்கனியில் மூன்று நாள் தொங்கி முக்கால் ஈரத்தில் இஸ்திரி போட்ட சட்டைக்கு எந்த டியோடரண்டும் ஈடு கொடுக்காது. உள்ளே ஒரு பருத்திப் பனியனோ ஸ்லிப்போ போட்டு அனுப்பினால் யூனிஃபார்ம் தப்பிக்கும். பனியனை தினம் மாற்றிவிடலாம்.

மூன்று வாரம் இப்படி ஓட்டினோம். செலவு ஒரு வினிகர் பாட்டில். முக்கால்வாசி நாள்களில் வாடை போய்விட்டது. பி.டி. பீரியட் இருக்கும் இரண்டு நாள் மட்டும் சாயங்காலம் சட்டை காட்டிக்கொடுத்தது. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த வழியே போதும் என்பது என் எண்ணம். எதையாவது பூசுவதற்கு முன்னால் இந்த மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டு வாருங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்தது அத்தையின் படிகாரம். இதை நான் லேசாக நினைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் உள்ளங்கை அளவு கட்டி வாங்கினோம். கண்ணாடி மாதிரி, ஓரம் கூராக. அத்தை அதைத் தரையில் இரண்டு தேய் தேய்த்து முனையை மழுக்கி, தண்ணீரில் நனைத்து, குளித்த ஈரத்தோடு கம்கட்டில் மூன்று தடவை உருட்டிக் காண்பித்தார். காய்ந்ததும் தோல் லேசாக இறுகும். சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே இறுக்கம். வாசனை எதுவும் கிடையாது. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. படிகாரம் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், தோலையும் சுருக்கும். ஒரு கட்டி ஒரு வருஷத்துக்கு மேல் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், "அலுமினியம் இல்லாத இயற்கை டியோடரண்ட்" என்று கிரிஸ்டல் கட்டிகளைப் பல நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை இந்தப் படிகாரம்தான். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரிலேயே அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. ரசாயனத்துக்குப் பயந்து அங்கே போகிறவர்கள் பயந்த பொருளையே வேறு உருவத்தில் வாங்கிவருகிறார்கள். அலுமினியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படிகாரத்தில் குறை இரண்டு. கீறலோ, சொறிந்த புண்ணோ, வேர்க்குருவோ இருந்தால் சுரீரென்று எரியும். அப்படி ஒரு நாள் எரிந்ததிலிருந்து என் மகள் படிகாரம் என்றாலே கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாள். இரண்டாவது, காலை ஏழு மணி அவசரத்தில் நனைத்து, உருட்டி, காயவிட்டு எல்லாம் ஒரு குழந்தை தானாகச் செய்யாது. கூட நின்று செய்துவிட ஒரு பாட்டி இருக்கும் வீட்டுக்கு நல்ல வழி.

கணவரின் பவுடருக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்க மனமில்லை. ஈரத்தை உறிஞ்சும், கொஞ்ச நேரம் மணக்கும், நம் ஊர் வியர்வையில் பத்து மணிக்குள் கூழாகிக் கம்கட்டில் வெள்ளைக் கோடாக நிற்கும். பாக்டீரியாவுக்கு அது ஒரு தடையே இல்லை. தவிர, டால்க் பவுடரைப் புகை மாதிரி கொட்டிக்கொள்வதும் அதை மூச்சில் இழுப்பதும் குழந்தைகளுக்கு நல்லதில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே 2023இல் உலகம் முழுக்க டால்க் சேர்த்த பேபி பவுடரை நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறிவிட்டது. கணவர் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அது அவர் பாடு.

சமையலறைச் சரக்குகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். எலுமிச்சையைக் கம்கட்டில் தேய்க்காதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளமும் கருந்தழும்பும் வரும். சமையல் சோடா வாடையை நிறுத்தும், ஆனால் அது காரம், தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. தொடர்ந்து போட்டால் சிலருக்குச் சிவந்து உரியும். நலங்கு மாவு பரவாயில்லை, பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக் குளியலை மணக்க வைக்கும். அது சோப்புக்கு மாற்று, டியோடரண்டுக்கு மாற்று இல்லை.

இடையில் ஒன்று. கம்கட்டும் பின்கழுத்தும் கறுத்து, தொட்டால் வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. பீர்க்கங்காய் நாரால் எத்தனை தேய்த்தாலும் போகாது. எடை கூடிய பிள்ளைகளிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது வரும். அங்கே வாங்க வேண்டியது கிரீம் இல்லை, மருத்துவரிடம் டோக்கன்.

இப்போது மகனின் ஸ்ப்ரே. பிள்ளைகள் கேட்பது எப்போதும் இதைத்தான், விளம்பரத்தில் வருவதும் இதுதான், என் கணக்கில் பிள்ளைகளுக்குக் கடைசியில் வர வேண்டியதும் இதுதான். இவற்றில் பல டியோடரண்ட் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தாலும் வேலை என்னவோ வாசனை பூசுவதுதான். அதில் உள்ள ஆல்கஹால் பாக்டீரியாவைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனால் என் மகன் அடிப்பது கம்கட்டில் இல்லை, சட்டைக்கு மேல். முதல் நாள் போட்ட டி-ஷர்ட்டின் மேல் அடித்துக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்புவான். வியர்வையும் ஸ்ப்ரேயும் கலந்து லிஃப்டில் நிற்கும் அந்த மூன்றாவது வாடை இருக்கிறதே, தனி வாடையே தேவலை.

இதைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன. கேஸ் உள்ள ஸ்ப்ரேயில் இருப்பது பியூட்டேன், புரொப்பேன். அடுப்புச் சிலிண்டரில் இருக்கும் அதே குடும்பம். பூஜை விளக்கு எரியும்போது பக்கத்தில் அடிக்கக் கூடாது, காரின் டேஷ்போர்டில் வெயிலில் விடக் கூடாது. தோலுக்கு மிக அருகில் பிடித்து நெடுநேரம் அடித்தால் பனியில் சுட்ட மாதிரி தோல் வெந்துபோகும். பிள்ளைகள் பந்தயம் கட்டி அப்படிச் செய்து புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அந்த கேஸை வேண்டுமென்றே மூச்சில் இழுப்பது இன்னும் மோசம், இதயத் துடிப்பையே திடீரென்று நிறுத்திவிடக்கூடும். கேஸ் இல்லை என்று விற்பவற்றில் பெரும்பங்கு ஆல்கஹாலும் வாசனையும்தான், அதுவும் தீப்பிடிக்கும். ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், பி.டி. முடிந்து பத்துப் பேர் ஒரே அறையில் ஸ்ப்ரே அடிப்பதை யோசித்துப் பாருங்கள். இன்ஹேலர் தேடுவதில் போய் முடியும்.

மிச்சம் இருப்பது அக்காவின் ரோல்-ஆன். இங்கேதான் நான் கடையில் அரை மணி நேரம் நின்றேன். பில் போடும் பையன், "என்னக்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க" என்று கேட்டான். பாட்டில்கள் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு ஜாதி. வெறும் டியோடரண்ட் என்பது பாக்டீரியாவைக் குறைத்துக் கொஞ்சம் வாசனையும் தரும், வியர்வையைத் தொடாது. ஆன்டி-பெர்ஸ்பிரண்ட் என்பது வியர்வையையே குறைப்பது. அதில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வையில் கரைந்து சுரப்பியின் வாயில் ஜெல் மாதிரி ஒரு தற்காலிக அடைப்பைப் போடும், பிறகு தானாகக் கழன்றுவிடும். முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்று இருந்தால் அது இரண்டாவது ஜாதி. நான் எடுத்துப் பார்த்த ஐந்தில் மூன்று அப்படி. மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோவது உத்தமம்.

எது குழந்தைக்கு? வாடை மட்டும்தான் தொல்லை என்றால் டியோடரண்ட் போதும். சட்டை வட்டமாக நனைகிறது, அதைப் பார்த்து வெட்கப்பட்டுக் கையைத் தூக்கவே மறுக்கிறான் என்றால் ஆன்டி-பெர்ஸ்பிரண்ட். பத்து வயதில் பெரும்பாலும் வாடைதான் தொல்லையாக இருக்கும், நனைவது அப்புறம்தான் வரும். எந்த ஜாதியானாலும் வாசனை குறைவாகவும் ஆல்கஹால் இல்லாமலும் இருப்பதை எடுங்கள். தோலில் ஒவ்வாமை கிளப்புவதில் வாசனைப் பொருள்களுக்கு முக்கியப் பங்கு. முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லை என்றால் கம்கட்டுக்குப் போகலாம். காய்ந்த தோலில், இரண்டு உருட்டு. அதிகம் உருட்டினால் அதிகம் மணக்காது, சட்டையில் மஞ்சள் கறைதான் விழும்.

ஆன்டி-பெர்ஸ்பிரண்டை இரவு படுக்கும் முன் போட வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. இரவில் வியர்வை குறைவு, அடைப்பு சரியாக உட்காரும். காலையில் குளித்தாலும் போகாது. நம் ஊரில் ஓடிக் களைத்து வந்து வேர்க்க வேர்க்கப் பூசினால் அது வியர்வையோடு வழிந்து பனியனுக்குத்தான் போய்ச் சேரும்.

வியர்வையை அடைத்தால் உடம்பு சூடாகிவிடாதா என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கம்கட்டு கையகல இடம்; மிச்ச உடம்பில் இருக்கும் லட்சக்கணக்கான சுரப்பிகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வருமாமே என்ற வாட்ஸ்அப் கேள்வி அக்காவிடமிருந்தே வந்தது. அப்படி ஒரு தொடர்பு ஆராய்ச்சிகளில் நிரூபணமாகவில்லை, தோல் வழியாக உள்ளே போகும் அளவும் மிகச் சொற்பம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையைப் பாட்டிலிலேயே அச்சிடுகிறார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கம்கட்டு மட்டுமில்லாமல் உள்ளங்கையும் சொட்டி, பரீட்சைத் தாள் நனைந்து பேனா வழுக்குகிறது என்றால், கடைச் சரக்கோடு மல்லுக்கட்டாமல் தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

எதை வாங்குவது என்பதைவிட, அவளிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு டீச்சர், மதியப் பீரியடில், "யாரு இன்னைக்குக் குளிக்காம வந்தது" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்த பெண் அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்கக் கையை உயர்த்தவே இல்லை. பதில் தெரிந்த கேள்விக்குக்கூட. அவள் தினமும் குளித்துவிட்டுத்தான் வந்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

ஆகவே நாறுகிறது என்ற சொல்லை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு, துணி மடிக்கும்போது பேச்சை ஆரம்பித்தேன். உன் உடம்பு பெரிதாகிக்கொண்டு வருகிறது, வியர்வையும் மாறும், எனக்கும் உன் வயதில் மாறியது, பல் தேய்ப்பது மாதிரி இனி இதுவும் ஒரு வேலை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "எனக்குத் தெரியும்மா. நான்தான் போன வாரமே முகர்ந்து பார்த்தேனே" என்றாள். "அப்ப ஏன்டி சொல்லலை?" "நீங்க திட்டுவீங்கன்னு."

கடைசியில் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி முடிந்தது. மகளுக்குக் குளியலும் வினிகரும் அப்படியே தொடர்கின்றன; அதற்கு மேல், அலுமினியம் இல்லாத, லேசான வாசனை உள்ள டியோடரண்ட் ரோல்-ஆன், பள்ளி நாள்களில் காலையில் மட்டும். லீவு நாளில் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பதிமூன்று வயது மகனுக்குச் சட்டை நனைவதும் சேர்ந்துவிட்டதால் ஆன்டி-பெர்ஸ்பிரண்ட் ரோல்-ஆன், இரவில். அவனுடைய ஸ்ப்ரே பீரோவுக்கு மேல் ஏறிவிட்டது. கல்யாணம், பிறந்தநாள் என்றால் இறங்கும், அதுவும் பால்கனியில் நின்று அடித்துக்கொள்ள வேண்டும். படிகாரக் கட்டி கணவரின் ஷேவிங் டப்பாவுக்குப் போய்விட்டது. அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் தினமும் சாயங்காலம் ஃபேனுக்கு அடியில் பேத்தி சிலையாக நிற்கும்போது அந்த ஒரு நிமிஷத்தை எண்ணுவது அவர்தான்.

ரோல்-ஆன் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை பாட்டில். ரோல்-ஆன் மட்டும் ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மறுநாள் பார்த்தால், மகள் தன்னுடையதன் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பெரிய புள்ளி வைத்திருந்தாள். அண்ணனுடையதன் மேலும் ஒன்று வைத்திருந்தாள், பல்லைக் காட்டும் முகம் மாதிரி.